இருபது அடி தூரத்தில் எமன்

இரவு பதினொன்றரை. நாளைக்குப் பரீட்சை இருக்கிற பையன், கம்ப்யூட்டர் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திரையில் சிவப்பு விளக்கு எரிகிற ஒரு சின்ன அறை. குழாய்கள், மீட்டர்கள், வியர்த்த முகங்கள். தலைக்கு மேலே எங்கேயோ ஒரு கப்பலின் புரொப்பெல்லர் சத்தம் நெருங்கி நெருங்கி வருகிறது. அப்புறம், டமார்! அறை குலுங்குகிறது. விளக்கு அணைந்து எரிகிறது. ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறது. இன்னொரு டமார். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு கொஞ்சம் குறைகிறது. நூறாக இருந்தது எழுபத்தெட்டு ஆகிறது.

'டெப்த் சார்ஜ் போடறாம்ப்பா. பரவால்ல, இன்னும் நாலு தாங்கும்' என்கிறான் பையன்.

இன்னும் நாலு தாங்கும். இந்த வாரம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கொஞ்சம் பிரித்து மேயப் போகிறோம்.

நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டுகள் ஒன்றும் நேற்று முளைத்தவை அல்ல. 1985-லேயே ஸிட் மையர் என்கிற அமெரிக்கர் 'சைலண்ட் சர்வீஸ்' என்று ஒன்றை வெளியிட்டார். 1994-ல் 'ஏசஸ் ஆஃப் தி டீப்' வந்தது. 1996-ல் 'சைலண்ட் ஹண்டர்'. அதன் மூன்றாம் பாகம் 2005-ல், ருமேனியாவில் இருக்கிற யூபிசாஃப்ட் ஸ்டூடியோவில் தயாரானது. அதை இன்னும் விடாமல் விளையாடுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். சும்மா விளையாடுவதில்லை. விளையாட்டின் உள்ளே புகுந்து, குண்டு எத்தனை மீட்டர் தூரம் வரை பாதிக்கும், எத்தனை சேதம் செய்யும் என்கிற எண்களையெல்லாம் தாங்களே திருத்தி எழுதுகிறார்கள். 'இது ரொம்பக் கடுமை', 'இல்லை, நிஜத்தில் இன்னும் மோசம்' என்று வருஷக்கணக்கில் சண்டை வேறு. வீட்டுக்கு அரிசி வாங்குவதில் காட்டாத அக்கறை!

சரி, நிஜத்தில் எப்படித்தான் இருந்தது?

அதற்கு 1914-க்குப் போக வேண்டும். செப்டம்பர் 22. வட கடலில் அபூகிர், ஹோக், க்ரெஸ்ஸி என்று மூன்று பிரிட்டிஷ் குரூஸர் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. யு-9 என்கிற ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, ஒன்றரை மணி நேர இடைவெளிக்குள் மூன்றையும் முடித்துவிட்டது. இறந்தவர்கள் 1,450-க்கும் மேல். உலகத்துக் கடலையெல்லாம் தன் வீட்டுக் கொல்லைப்புறமாக நினைத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படைக்கு அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. தண்ணீருக்கு அடியில் இருக்கிறவனை அடிக்கத் தங்களிடம் ஒன்றுமே இல்லை.

பீரங்கியால் சுட்டால் குண்டு தண்ணீரில் பட்டுத் தெறிக்கும், அல்லது சில அடிகளில் வேகம் செத்து மூழ்கும். மேலே வந்தால் முட்டித் தள்ளலாம். வராவிட்டால்? என்னென்னவோ யோசித்தார்கள். ஸீ லயன் என்கிற கடல் பிராணியைப் பழக்கி, நீர்மூழ்கியின் சத்தத்தைத் தேடிப் போகவைக்க முடியுமா என்றுகூடப் பரிசோதனை நடந்தது. நீச்சல் குளத்தில் வைத்து டிரெயினிங் கொடுத்தார்கள். சத்தியமாக!

கடைசியில் பலித்தது ரொம்ப எளிமையான சமாச்சாரம். ஒரு பீப்பாய். உள்ளே 300 பவுண்டு வெடிமருந்து. கூடவே தண்ணீரின் அழுத்தத்தால் இயங்குகிற ஒரு விசை. ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் கூடும் அல்லவா? இன்ன ஆழத்தில் இன்ன அழுத்தம் என்பது கணக்கு. அந்த அழுத்தம் வந்ததும் விசை இயங்கும், வெடிக்கும். கப்பலின் பின்பக்கத்திலிருந்து உருட்டிவிட வேண்டியதுதான். 1916 ஜனவரியில் இது பிரிட்டிஷ் கப்பல்களுக்குக் கிடைக்க ஆரம்பித்தது.

இதில் ஒரு தமாஷ் என்னவென்றால், இதையே 120 பவுண்டு மருந்தோடு சின்னதாகவும் ஒரு ரகம் செய்தார்கள். ஏன்? மெதுவாகப் போகிற கப்பல்களுக்காக. பெரிய குண்டைப் போட்டுவிட்டு ஓடித் தப்பிக்கிற வேகம் அவற்றுக்கு இல்லை. போட்ட குண்டு போட்டவன் வாலையே பிய்த்துவிடும்.

அந்த வருஷம் மார்ச் 22-ம் தேதி, அயர்லாந்துக்கு அப்பால் யு-68 என்கிற ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடிக்கப்பட்டது. சாதுவான சரக்குக் கப்பல் போல வேஷம் போட்டு ஏமாற்றிய ஃபார்ன்பரோ என்கிற போர்க் கப்பல் செய்த வேலை. டெப்த் சார்ஜுக்கு விழுந்த முதல் பலி என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

நிலத்தில் ஒரு குண்டு வெடித்தால் ஆளைக் கொல்வதில் பெரும் பங்கு அதன் இரும்புச் சிதறலுக்கு. தண்ணீரில் அந்தக் கதை நடக்காது. சிதறலைத் தண்ணீரே தடுத்துவிடும். அங்கே கொல்வது தண்ணீர்தான். காற்றை அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் அவ்வளவு லேசில் சுருங்காது. ஆகவே வெடிப்பின் அதிர்ச்சி, ஒரு இரும்புச் சம்மட்டி மாதிரி அப்படியே கடத்தப்படுகிறது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். முதலில் அந்த அடி. பிறகு வெடித்த வாயு ஒரு பிரம்மாண்டமான குமிழாக விரிகிறது. அளவுக்கு மீறி விரிந்ததும் சுற்றியிருக்கிற தண்ணீர் அதை நசுக்குகிறது. நசுங்கியது மறுபடி விரிகிறது. ஒவ்வொரு தரம் விரியும்போதும் இன்னொரு அடி. சில விளையாட்டுகளில் கடலுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் தீப்பிழம்பு கொழுந்துவிட்டு எரியும், பார்த்திருப்பீர்கள். தீபாவளி மாதிரி அழகாகத்தான் இருக்கிறது.

கேள்வி, அந்தச் சம்மட்டி அடி எவ்வளவு தூரத்துக்கு? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் பயன்படுத்திய மார்க் 7 ரகக் குண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 290 பவுண்டு வெடிமருந்து. ஒரு நீர்மூழ்கியின் உள் உடம்பைப் பிளக்க வேண்டுமானால் அது எவ்வளவு கிட்டத்தில் வெடிக்க வேண்டும்? நூறு அடி? ஐம்பது அடி?

இருபது அடி. அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு சுமாரான ஹாலின் நீளம். நாற்பது அடிக்குள் வெடித்தால், மேலே வந்தே ஆகவேண்டிய அளவுக்கு அடிபடும். இது கடற்படையே போட்ட மதிப்பீடு. 1942 கடைசியில் இன்னும் சக்தி வாய்ந்த மருந்தைப் போட்டார்கள். அப்போதும் இருபது என்பது இருபத்தாறு ஆயிற்று, நாற்பது என்பது ஐம்பத்திரண்டு ஆயிற்று. அதைத் தாண்டி வெடித்தால்? பல்பு உடையும். மீட்டர் கண்ணாடி நொறுங்கும். மனசு நொறுங்கும். கப்பல் பெரும்பாலும் தப்பிக்கும்.

நான் படித்தது பி.காம். பௌதிகம் நமக்கு ரொம்ப தூரம். ஆனால் கூட்டல் கழித்தல் வரும். வாருங்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேலே இருக்கிற கப்பலுக்கு, கீழே இருப்பவனைக் கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் ஆஸ்டிக் என்றார்கள், அமெரிக்கர்கள் சோனார் என்றார்கள். ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. கோளாறு என்னவென்றால், அந்த ஒலிக்கற்றை டார்ச் வெளிச்சம் மாதிரி முன்னால் பாயும். நேர்க் கீழே பார்க்காது. எனவே கப்பல் நெருங்க நெருங்க, சுமார் 200 கஜ தூரத்தில், எதிரி கற்றைக்கு அடியில் நழுவிவிடுவான். அதாவது குண்டு போடப் போகிற அந்த முக்கியமான தருணத்தில் வேட்டைக்காரனுக்குக் கண் அவிந்துவிடும். குண்டோ கப்பலின் பின்பக்கத்தில் இருக்கிறது.

200 கஜம் என்றால் 600 அடி. பதினைந்து நாட் வேகத்தில் அதைக் கடக்க 24 விநாடி. பீப்பாய் நொடிக்குப் பத்து அடி வீதம் மூழ்குகிறது என்று வையுங்கள். 300 அடி ஆழத்துக்குப் போக இன்னும் 30 விநாடி. ஆக மொத்தம் ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த நேரத்தில் கீழே இருப்பவன் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? நாலு நாட் வேகத்தில் நகர்ந்தால்கூட 360 அடிக்கு மேல் போய்விடுவான். இடது பக்கமா, வலது பக்கமா, இன்னும் கீழேயா, தெரியாது. இவன் கையில் இருப்பது இருபது அடிக் குண்டு.

போதாக்குறைக்கு, போரின் முற்பகுதியில் ஆஸ்டிக் கருவியால் எதிரி எந்தத் திசையில், எத்தனை தூரத்தில் என்று சொல்ல முடிந்ததே தவிர எத்தனை ஆழத்தில் என்று சொல்ல முடியவில்லை. ஆழம் குத்துமதிப்புதான். அதனால்தான் ஒன்று இரண்டு என்று போடாமல் ஐந்து, பத்து என்று பரப்பிப் போட்டார்கள். மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் பெரிய வலையாக வீசுகிற மாதிரி.

விளைவு? போர் முடிந்ததும் கணக்கெடுத்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் நடத்திய டெப்த் சார்ஜ் தாக்குதல்கள் 5,174. மூழ்கிய நீர்மூழ்கிகள் 85.5. (அந்த அரை, இன்னொரு ஆயுதத்தோடு பங்கு போட்டுக்கொண்டது. ஆடிட்டர்கள் எங்கும் இருக்கிறார்கள்!) அறுபது தாக்குதலுக்கு ஒரு வெற்றி. தாக்குதல் என்றால் ஒரு குண்டு இல்லை. ஒரு கொத்து.

இப்போது பையனின் விளையாட்டுக்கு வருவோம். நிஜக் கணக்கை அப்படியே போட்டால் என்ன ஆகும்? ஐம்பத்தொன்பது தரம் ஒன்றும் ஆகாது. அறுபதாவது தரம், முன்னறிவிப்பே இல்லாமல் ஆட்டம் குளோஸ். இதை எவன் காசு கொடுத்து வாங்குவான்? எனவே அந்த பச்சைக் கோடு. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற உயிர். சினிமாவும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1957-ல் வந்த 'தி எனிமி பிலோ' படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காக ஆஸ்கரே கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பது முழுப் பொய்யும் இல்லை. உடம்பு பிளக்காமலேயே ஒரு நீர்மூழ்கி சாகலாம். வால் பகுதியில் ஒரு குழாய் இணைப்பு லேசாக விட்டுக்கொடுக்கிறது. தண்ணீர் கசிகிறது. பம்ப் போட்டு வெளியேற்றலாம், ஆனால் பம்ப் சத்தம் மேலே கேட்கும். போடாவிட்டால் வால் கனத்துக் கப்பல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மோட்டாரை வேகப்படுத்தித் தூக்கிப் பிடிக்கலாம், ஆனால் பேட்டரி தீரும். பேட்டரி செல் விரிசல் விட்டு அதில் கடல் தண்ணீர் கலந்தால் குளோரின் வாயு. எல்லாவற்றுக்கும் மேலே காற்று. ஐம்பது பேர் மூச்சு விடுகிற ஒரு மூடிய குழாய் அது. வேலை இல்லாதவனெல்லாம் படுத்துக் கிட என்பார்கள். பேசாதே, நடக்காதே. கரியமில வாயுவை உறிஞ்ச, குப்பி வைத்த முகமூடியைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடப்பார்கள். தலைவலி, வாந்தி, தூக்கம்.

1944 பிப்ரவரி கடைசியில், யு-358 என்கிற ஜெர்மன் நீர்மூழ்கியை நான்கு பிரிட்டிஷ் போர்க் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. விடவில்லை. ஒரு மணி இரண்டு மணி இல்லை, 38 மணி நேரம். மாற்றி மாற்றிக் குண்டுகள். காற்று தீர்ந்த கடைசிக் கட்டத்திலும் அது ஒரு டார்பிடோவை விட்டு, துரத்திய நால்வரில் ஒன்றான கூல்டு என்கிற கப்பலை மூழ்கடித்தது. அதற்கப்புறம் அதுவும் போயிற்று. மார்ச் 1. ஐம்பது பேர் இறந்தார்கள். பிழைத்தது ஒருவர்.

விளையாட்டில் நேரத்தை வேகமாக ஓட்டுகிற பட்டன் உண்டு. 38 மணி நேரத்தை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் ஓட்டிவிடலாம். சத்தம், குலுக்கல், உடையும் பல்பு இதையெல்லாம் இந்தக் கால விளையாட்டுகள் ரொம்பப் பிரமாதமாகச் செய்கின்றன, மறுக்கவில்லை. விடுபட்டுப் போவது அந்தக் காற்றும் அந்தக் காத்திருப்பும்தான் என்பது என் கட்சி.

இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு. யு-110 என்ற நீர்மூழ்கி. 1941 மே 9. ஆப்ரீஷியா என்கிற சின்னப் போர்க் கப்பல் போட்ட டெப்த் சார்ஜில் அடிபட்டு மேலே வந்தது. கண்ணெதிரே புல்டாக் என்கிற இன்னொரு கப்பல் முட்ட வருவது போலப் பாய்ந்து வர, எப்படியும் மூழ்கிவிடும் என்று நினைத்த கேப்டன் லெம்ப், எல்லோரையும் கடலில் குதிக்கச் சொல்லிவிட்டார். அது மூழ்கவில்லை. பிரிட்டிஷ் மாலுமிகள் உள்ளே இறங்கி, எனிக்மா என்கிற ரகசிய சங்கேத இயந்திரத்தையும் சங்கேதப் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் இழுத்துப் போகும்போதுதான் கப்பல் மூழ்கியது. டெப்த் சார்ஜ் சாதித்த ஆகப் பெரிய காரியங்களில் ஒன்று, கொல்லாமல் விட்டதால் நடந்தது. 2000-ல் வந்த 'யு-571' படத்தில் இதை அமெரிக்கர்கள் சாதித்ததாகக் காட்டி, பிரிட்டிஷ்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்தது ஒரு திருகாணிக் கதை. குண்டு எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று வைக்கிற அந்த செட்டிங் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

1941-ல் பிரிட்டிஷ் விமானங்களும் டெப்த் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தன. செட்டிங் 100 அடி. காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். விமானத்தை நீர்மூழ்கி சராசரியாக இரண்டு நிமிஷம் முன்னாலேயே பார்த்துவிடுகிறது. உடனே மூழ்குகிறது. இரண்டு நிமிஷத்தில் சுமார் 100 அடி போயிருக்கும். ஆகவே 100 அடி. சரிதானே?

சரியில்லை என்றார் இ.ஜே. வில்லியம்ஸ். வேல்ஸ் நாட்டு பௌதிக விஞ்ஞானி. கடலோர விமானப் படைக்காக பாட்ரிக் பிளாக்கெட் என்கிற இன்னொரு பௌதிகக்காரர் சேர்த்த குழுவில் இருந்தார். தாக்குதல் ரிப்போர்ட்டுகளை எல்லாம் கொட்டி வைத்துக்கொண்டு படித்தார். சராசரி ஆழம் பார்த்து ஆற்றில் இறங்கியவன் கதைதான் இது என்பது அவருக்குப் புரிந்தது. இரண்டு நிமிஷம் முன்னாலேயே மூழ்கிவிட்டவன் 100 அடி ஆழத்தில் இருக்கலாம், ஆனால் எங்கே இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அவன்மீது போடுகிற குண்டு எப்படியும் வீண். குறி பார்த்து அடிக்க முடிந்தவன், தாமதமாகப் பார்த்து இப்போதுதான் மூழ்க ஆரம்பித்தவன் மட்டும்தான். அவனோ மேல்மட்டத்திலேயே இருக்கிறான். அவனுக்கு 80 அடி கீழே போய்க் குண்டு வெடிக்கிறது! பிடிக்க முடியாதவனுக்காக வைத்த செட்டிங், பிடிக்க முடிந்தவனையும் தப்பவிட்டுக்கொண்டிருந்தது.

25 அடியில் வையுங்கள் என்றார். அவ்வளவு மேலே வெடிக்கிற விசை உடனே கைவசம் இல்லை. முதலில் 50 அடி, பிறகு 25 அடி என்று மாற்றினார்கள். புதுக் குண்டு இல்லை. புது விமானம் இல்லை. ஒரு பைசா செலவு இல்லை என்றே சொல்லலாம். வெற்றி பல மடங்கு கூடியது. பிடிபட்ட ஜெர்மன் மாலுமிகள், பிரிட்டிஷ்காரர்கள் ஏதோ புது ரக வெடிமருந்து கண்டுபிடித்துவிட்டதாக நம்பினார்கள் என்று பிளாக்கெட் பிற்பாடு எழுதினார். வில்லியம்ஸ் 1945-ல், நாற்பத்திரண்டு வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். பிளாக்கெட்டுக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது, வேறொரு ஆராய்ச்சிக்காக. சுதந்திர இந்தியாவின் ராணுவ ஆராய்ச்சிக்கு நேரு ஆலோசனை கேட்டது இதே பிளாக்கெட்டிடம்தான்.

அந்தப் பக்கம் பசிபிக் கடலில் இதே செட்டிங், வேறு மாதிரி வெடித்தது.

அமெரிக்க நீர்மூழ்கிகள் ஜப்பானியக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. ஜப்பானியர்களும் டெப்த் சார்ஜ் போட்டார்கள். ஆனால் ஆழம் குறைவாக வைத்தார்கள். அமெரிக்க நீர்மூழ்கிகள் 300 அடி, புதிய ரகங்கள் 400 அடி வரை போகும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. குண்டுகள் தலைக்கு மேலே வெடிக்கும், இவர்கள் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், தப்பிப்பார்கள்.

ஆண்ட்ரூ ஜாக்சன் மே என்று ஒரு அரசியல்வாதி. கென்டக்கி மாநிலத்துக்காரர். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ராணுவ விவகாரக் கமிட்டியின் தலைவர். போர்முனைக்கு டூர் போய்வந்தார். போன இடத்தில் பெரிய மனுஷர் என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். 1943 ஜூன் மாதம், நிருபர்களைக் கூட்டி வைத்துப் பேசும்போது, நம் நீர்மூழ்கிகள் நன்றாகத் தப்பித்து வருகின்றன, ஏனென்றால் ஜப்பான்காரன் குண்டை ஆழமாக வைப்பதில்லை என்று போட்டு உடைத்துவிட்டார். பத்திரிகைகள் சும்மா விடுமா? (நம் குலத் தொழில் அப்படி.) செய்தி ஊர் ஊராக அச்சாகியது. ஹவாய்த் தீவில் ஹோனலூலு வரைக்கும்!

பசிபிக் நீர்மூழ்கிப் படையின் தலைவர் அட்மிரல் லாக்வுட் கொதித்துப் போனார். அந்த வாய்க்கு விலை பத்து நீர்மூழ்கிகள், எண்ணூறு உயிர்கள் என்பது அவர் போட்ட கணக்கு.

இந்த எண்ணை நீங்கள் பல புத்தகங்களில் பார்க்கலாம். கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானியர்கள் அந்தச் செய்தியைப் படித்துத்தான் செட்டிங்கை மாற்றினார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஒவ்வொரு தாக்குதலிலும் எதிரி ஒழிந்தான் என்றே அவர்கள் தலைமைக்கு ரிப்போர்ட் அனுப்பி, அதைத் தாங்களே நம்பிக்கொண்டும் இருந்தார்கள். போர் முழுவதிலும் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 52. அதில் எத்தனை, மே வாயைத் திறந்ததால் போயின என்று பிரித்துச் சொல்ல எந்த லெட்ஜரும் கிடையாது. ஆனாலும் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். மே பேசியதற்காக அவர்மீது வழக்கு எதுவும் வரவில்லை. 1947-ல் தண்டிக்கப்பட்டது ஆயுத கான்ட்ராக்டில் லஞ்சம் வாங்கிய வேறொரு கேஸில். ஒன்பது மாதம் உள்ளே இருந்தார். 1952-ல் ஜனாதிபதி ட்ரூமன் மன்னிப்பு வழங்கினார்.

அறுபதுக்கு ஒன்று என்கிற அவமானத்துக்கு பிரிட்டிஷ்காரர்கள் கண்டுபிடித்த மருந்தின் பெயர் ஹெட்ஜ்ஹாக், முள்ளெலி. பின்னால் உருட்டிவிடுவதற்குப் பதில், 24 சின்னக் குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் தூக்கி எறிகிற யந்திரம். ஆஸ்டிக் கண் அவிவதற்கு முன்னாலேயே எறிந்துவிடலாம். ஆழ செட்டிங்கே கிடையாது. எதிரிமீது பட்டால் வெடிக்கும், படாவிட்டால் வெடிக்காது. கணக்கு என்ன சொல்லிற்று தெரியுமா? 268 தாக்குதல், 47 வெற்றி. ஆறுக்கு ஒன்று! 1944 மே மாதம், 'இங்கிலாந்து' என்கிற பெயர் கொண்ட ஒரு அமெரிக்கக் கப்பல் இந்த முள்ளெலியை வைத்து 12 நாட்களில் 6 ஜப்பானிய நீர்மூழ்கிகளை முடித்தது.

ஆனால் வந்த புதிதில் மாலுமிகளுக்கு இது பிடிக்கவே இல்லை. ஏன்? சத்தம் வரவில்லை! டெப்த் சார்ஜ் என்றால் பட்டாலும் படாவிட்டாலும் கடல் பிளந்து தண்ணீர் வானத்துக்கு எழும்பும். ஏதோ செய்தோம் என்று ஒரு திருப்தி. கீழே இருப்பவனுக்கும் வயிற்றைக் கலக்கும். முள்ளெலி குறி தவறினால் 24 குண்டும் ஓசைப்படாமல் அடியில் போய்ச் சேரும். ஒரு அசட்டு மௌனம். பத்து மடங்கு உபயோகமான ஆயுதத்தைச் சத்தம் போடவில்லை என்பதற்காகச் சில கேப்டன்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். விளையாட்டு தயாரிக்கிறவர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்?

நம் பக்கத்துக் கடலில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த அறுபதுக்கு ஒன்று கணக்கை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1971. பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஸி. அமெரிக்காவில் 1944-ல் டயப்ளோ என்ற பெயரில் கட்டப்பட்டது, பிறகு பாகிஸ்தானுக்குக் கொடுக்கப்பட்டது. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. இந்தியத் தரப்புச் செய்திகளின்படி அது முதலில் தேடியது மதராஸுக்கு அப்பால்தான். விக்ராந்தோ அந்தமான் பக்கம் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ராஜ்புத் என்கிற பழைய டெஸ்ட்ராயர், தான்தான் விக்ராந்த் என்பது போல வயர்லெஸ் செய்திகளை அனுப்பி விசாகப்பட்டினம் பக்கம் ஏமாற்று வேலை செய்துகொண்டிருந்தது. காஸி விசாகப்பட்டினத்துக்கு வந்தது.

டிசம்பர் 3, நள்ளிரவு நேரம். துறைமுகத்தை விட்டு வெளியே வந்த ராஜ்புத், தண்ணீரில் ஏதோ சலனத்தைப் பார்த்தது. இரண்டு டெப்த் சார்ஜ் போட்டது. போய்விட்டது. சற்று நேரத்தில் பெரிய வெடிச் சத்தம். ஊரில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மறுநாள் மீனவர்கள் மிதந்துகொண்டிருந்த பொருட்களைக் கொண்டுவந்தார்கள். காஸி மூழ்கியிருந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

ராஜ்புத் போட்ட குண்டுகளே காரணம் என்பது நம் கடற்படை அப்போது சொன்னது. இல்லை, விபத்து, தான் விதைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியிருக்கலாம் அல்லது உள்ளேயே வெடித்திருக்கலாம் என்பது பாகிஸ்தான் தரப்பு. முன்பகுதி உள்ளிருந்து வெளியே வெடித்துத் திறந்தது போல இருப்பதாகச் சொன்னவர்கள் இந்தியாவிலேயே உண்டு. பேட்டரியில் சேர்ந்த ஹைட்ரஜன் வாயு என்று ஒரு கட்சி. குண்டின் அதிர்ச்சியில் உள்ளே இருந்த டார்பிடோவோ கண்ணியோ வெடித்திருக்கலாம் என்று இன்னொரு கட்சி.

38 மணி நேரம் குண்டு வாங்கிய நீர்மூழ்கியைப் பார்த்தோம். இது இரண்டே குண்டு. குத்துமதிப்பாகப் போட்டது. நடக்கவே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கடலில் ஆழம் அதிகமில்லை, ஒளிய இடமும் குறைவு. அறுபதில் ஒன்று முதலாவதாகவே வரக்கூடாது என்று சட்டமும் இல்லை. என்னைக் கேட்டால், கணக்கு உள்வெடிப்புப் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது.

2024-ல் இந்தியக் கடற்படை, ஆழ்கடல் மீட்பு வாகனத்தை வைத்து அந்த இடத்தை மறுபடி கண்டறிந்ததாகச் செய்தி வந்தது. காஸியைத் தொடவில்லை. விசாகப்பட்டினத்துக்கு வெளியே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் உள்ளேயேதான் இருக்கிறார்கள்.